நாற்பது தட்டும் ஒரு சுத்தியலும்

ஜாஸ் கேட்பவர்கள் சாதுவானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மங்கிய விளக்கு, கையில் கோப்பை, கண்ணை மூடித் தலையாட்டும் கனவான்கள் என்று படங்களில் காட்டுவார்கள். இந்தப் பட்டறைக்கு ஒரு ஞாயிறு மதியம் வந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஐந்து பேர், நாற்பது இசைத்தட்டுகள், ஒரு சுத்தியல். அந்தச் சுத்தியலை அங்கே சும்மா வைத்திருக்கவில்லை.

கார்கள் எங்காவது மோதி நசுங்கி வந்தால் தட்டி நிமிர்த்திக் கொடுக்கும் டிங்கரிங் பட்டறை அது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய தரை, நடுவில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டறைக்கல். அண்ணன் முதலாளி, தம்பி தலைமை டிங்கர். தெருவில் அண்ணனைப் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர் என்பார்கள். தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயதாகி, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் அவர் சின்னவர்தான்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சபை கூடும். அண்ணன் தம்பி இருவர் போக, பக்கத்துத் தெருப் பல் டாக்டர், உயரமான கட்டடங்களுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர், கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்யும் டைப்பிஸ்ட் அம்மா. ஒரு மனிதன் செத்துப்போவதற்குள் கேட்டே ஆகவேண்டிய ஜாஸ் தட்டுகள் எவை என்று முடிவு செய்வதுதான் அவர்கள் வேலை. இரும்பு அலமாரியில் நாற்பது தட்டுகளுக்கு இடம். நாற்பத்தொன்றுக்கு இடம் கிடையாது.

உலகத்தில் எல்லா ஊரிலும் இப்படிப் பட்டியல் போடுகிற பைத்தியங்கள் உண்டு. ஆனால் அவர்கள் காகிதத்தில் போடுவார்கள். பெரியவருக்கு அது பிடிக்காது. “காகிதத்துல எவன் வேணா நூறு தட்டு எழுதுவான். ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு சாகணும்” என்பார். அப்படியே சட்டமும் போட்டுவிட்டார். புதுத் தட்டு ஒன்று உள்ளே வந்தால், பழையதில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மறுபடி கேட்பார்கள். ஐந்தில் மூன்று பேர் விரித்த கையைக் காட்டினால் அது பிழைத்தது, அடுத்த சீட்டு எடுப்பார்கள். மூன்று பேர் முஷ்டி காட்டினால் போச்சு. அந்தத் தட்டைக் கொண்டுவந்தவரே பட்டறைக்கல்லில் வைத்துத் தன் கையால் உடைக்கவேண்டும்.

இசைத்தட்டு கண்ணாடி மாதிரி உடையாது. முதல் அடிக்கு நெளிந்துகொடுத்துச் சுத்தியலைத் திருப்பி எறியும். இரண்டாவது அடியில்தான் பிளக்கும். ஒருமுறை சில்லு தெறித்து லிஃப்ட்காரரின் புருவத்தைக் கிழித்து நான்கு தையல் போட்டார்கள். ஒருமுறை பல் டாக்டர் தன் தட்டை உடைக்க மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து, சுத்தியலை அவர் கையில் திணித்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து ஓங்கி இறக்கினார். டாக்டர் ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். வேறு எங்கே போவது?

கேட்பதெல்லாம் ஹெட்ஃபோனில்தான். தகரக் கொட்டகையில் ஸ்பீக்கர் வைத்தால் தகரம்தான் வாசிக்கும் என்பது பெரியவர் கட்சி, அதில் நியாயமும் இருந்தது. ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்கவேண்டும். எந்தத் தட்டு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சீட்டு விழுந்ததுமே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தெரியாதது போல் முகத்தை வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுகோல். டாக்டர் அட்டை, வருடம், அச்சு என்று பின்பக்கத்து எழுத்தை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். லிஃப்ட்காரருக்கு அடியில் ஓடும் பேஸ் உறுதியாக இருந்தால் போதும், கயிறு சரியாக இருந்தால் மேலே எது வேண்டுமானாலும் ஏறலாம். டைப்பிஸ்ட் அம்மா, வாசிக்கிறவர் தவறு செய்த இடத்தில் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்ப்பார், பொய் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. பெரியவருக்கு ஊதுகிறவன்தான் எல்லாம். சாக்ஸபோன் கேட்டு முடித்ததும் எவனையாவது அடிக்கவேண்டும் போல் கை பரபரக்கவேண்டும், இல்லாவிட்டால் அது அவருக்குத் தட்டே இல்லை.

ஆனால் சபையில் எல்லோரும் பயந்தது சின்னவரின் தீர்ப்புக்குத்தான். மற்றவர்கள் சாக்ஸபோனில் மயங்கிக் கிடக்கும்போது இவர் டிரம்ஸ்காரனை மட்டும் பேசுவார். “ஊதுறவன் ஏதோ தூரத்துல ஒப்பேத்துறான். குச்சி பிடிச்சவன்தான் வேலை செய்யுறான்” என்பார். யாருக்கும் தோன்றாத விஷயம். டாக்டர் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார். ஸ்டீரியோ வருவதற்கு முந்திய, இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ தட்டுகளுக்குச் சின்னவர் கை எப்போதும் விரிந்தே வரும். அவர் மோனோ பக்தர், பழமையின் சுவை தெரிந்தவர், தேர்ந்த காது என்று பேராகிவிட்டது.

தேர்ந்த காதுதான். ஒன்றே ஒன்று. இடது காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. இது சபையில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

பன்னிரண்டு வயதில் நடந்தது அது. பெரியவர் அப்போது வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஓர் இசைத்தட்டு வாங்கி வந்திருந்தார். கறுப்பு அட்டையில் படமாக வெறும் ஒரு கை. யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் குளிக்கப் போன நேரம் தம்பி அதை எடுத்துப் போட்டான், கை தவறி முள் சரேலென்று குறுக்கே இழுத்தது. ஒரு சுரம்கூடக் கேட்கவில்லை. ஈரத் தலையோடு வந்த அண்ணன் உள்ளங்கையைக் குவித்து இடது காதில் ஒன்று விட்டார். பையன் கட்டில் கால் வரைக்கும் உருண்டான். காதுக்குள் ஏதோ காகிதம் கிழிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மூன்று மாதம் சீழ் வடிந்தது. யார் கேட்டாலும் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல் என்று அம்மா சொன்னாள். சொன்னான். சீழ் நின்றபோது சத்தமும் நின்றுவிட்டது. அண்ணன் அந்தத் தட்டுக்கு வேறு பிரதி வாங்கிவிட்டார். காதுக்கு வேறு பிரதி கிடைக்கவில்லை.

முதலில் பயத்தில் மறைத்தார், பிறகு பிழைப்புக்காக. நிமிர்த்திய கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாகப் பட்டிப் பசை பூசி அடைத்திருக்கிறதா, இரும்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்வதுதான் தலைமை டிங்கரின் வேலை. அரைச் செவிடன் என்று தெரிந்தால் பெரியவர் அந்த இடத்தில் வைத்திருப்பாரா? அதனால் யார் பேசினாலும் வலது தோளைக் கொடுத்து நிற்கப் பழகினார். பார்க்கிறவர்களுக்கு அது சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். பல சமயம் சண்டையாகவே முடியும். இடப்பக்கமாக வந்து கூப்பிட்டு, பதில் வராமல் தோளில் கை வைத்த ஒரு கார்க்காரரின் மூக்கை உடைத்து ஒரு வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். கை வைத்த மனிதர் பாவம், வணக்கம் சொல்லத்தான் வந்தாராம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி. எதையாவது கேட்டு வாங்கவேண்டும் என்றால் அவர் வலப்பக்கம் வந்து உட்காருவாள். ஆசை தீரத் திட்டவேண்டும் என்றால் இடப்பக்கம் வந்து படுத்துக்கொள்வாள். முப்பது வருடக் குடும்பம் அப்படி நிம்மதியாக ஓடியது.

ஹெட்ஃபோனில் இரண்டு பக்கமும் வேறு வேறாக வரும் என்பது சின்னவருக்குத் தெரியாமல் இல்லை. சபையில் இடது என்றும் வலது என்றும் பேசிக்கொள்வார்கள், இவரும் தலையாட்டுவார். ஆனால் காரின் இரண்டு முகப்பு விளக்கில் ஒன்று போனாலும் பாதை தெரியத்தானே செய்கிறது என்று மனதைத் தேற்றி வைத்திருந்தார். பத்தில் ஒரு பங்கு போயிருக்கும், போகட்டும். கேட்டுத் தெளிவு பெறலாம் என்றால், கேட்கிற கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்து ஸ்டீரியோ தட்டுகளில் பாதிக்கு மேல் ஊதுகிறவரை ஒரு பக்கமும் டிரம்ஸை மறு பக்கமும் பிரித்தே வைத்திருந்தார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. ஹெட்ஃபோனின் வலது காதில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி வைத்திருந்தார். அதைத் தடவிப் பார்த்து, எப்போதும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வார்.

கறுப்பு அட்டைத் தட்டு நாற்பதில் ஒன்றாக இருபது வருடம் அலமாரியில் இருந்தது. மூன்று தடவை அதைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் சின்னவர் முஷ்டிதான் காட்டினார். “எவனோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்கான். உள்ள ஆளே இல்ல” என்று அவர் சொன்ன தீர்ப்பு டாக்டரின் நோட்டில் இருக்கிறது. அண்ணன் மேல் உள்ள வஞ்சத்தில் அப்படிச் சொல்லவில்லை. அவர் காதில் அப்படித்தான் கேட்டது. பெரியவர் ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து அலமாரியை அறைந்து சாத்துவார். மற்ற நாலு பேரில் மூவர் கை விரித்ததால் தட்டு பிழைத்து வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அது பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டரின் புதுத் தட்டு ஒன்று நாற்பதுக்குள் வந்துவிட்டது. வெளியே போகக் கேட்கவேண்டிய பழையது கறுப்பு அட்டை என்று சீட்டு விழுந்தது. டாக்டருக்குப் பெரியவர் மேல் பழைய கோபம். லிஃப்ட்காரருக்கு அந்த வாரம்தான் பெரியவரோடு தெருவில் கைகலப்பு, உதடு இன்னும் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் கேட்டுவிட்டு முஷ்டியை நீட்டினார்கள். டைப்பிஸ்ட் அம்மாவும் பெரியவரும் கை விரித்தார்கள். இரண்டுக்கு இரண்டு. மிச்சம் சின்னவர்.

பெரியவர் அதற்குள் சுத்தியலை எடுத்துக்கொண்டு கல்லருகே போய் நின்றுவிட்டார். அறுபத்தொரு வயது மனிதர், தாடை ஆடிக்கொண்டிருந்தது. தம்பியின் முஷ்டி விழுந்ததும் தட்டோடு யாருடைய மண்டையையாவது சேர்த்து உடைப்பார் போலிருந்தது.

சின்னவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை எடுத்தார். டேப்பைக் காணவில்லை. முந்தின நாள் டாக்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஐந்து பேர் காது அழுக்கும் ஒன்றாகக் கிடக்கிறதே என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பஞ்சு உறையையும் மாற்றிக் கொண்டுவந்திருந்தார். இடது, வலது என்று எழுதியிருந்ததெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. எது எந்தப் பக்கம் என்று கேட்க முடியுமா? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு வந்தபடி மாட்டிக்கொண்டார்.

முள் இறங்கியது. சின்னவருக்கு அது எந்தத் தட்டு என்று தெரியவில்லை. சீட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தும், தட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார். டிரம்ஸ் இல்லை, குச்சிச் சத்தம் இல்லை. ஒருவன் தனியாக ஊதிக்கொண்டிருந்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கிற சாமானை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் அடிக்கிறவன் போல ஊதினான். அடித்துவிட்டு நின்றான். மூச்சு வாங்கினான். அந்த மூச்சு காதுக்குள் சுட்டது. மறுபடி எடுத்தான். யாரையோ கெஞ்சினான், கெஞ்சின வாயாலேயே பல்லைக் கடித்து அடிக்கப் போனான். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைச் சின்னவர் கேட்டதே இல்லை. கண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பக்கம் முடிந்தது. அவர் கையை விரித்தார்.

பெரியவர் சுத்தியலோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக அருகே வந்து, என்னடா கேட்டாய் என்றார். ஊதுகிறவனைப் பற்றிச் சின்னவர் திக்கித் திணறிச் சொன்னார், இது யாருடைய தட்டு என்று கேட்டார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “இருபது வருஷமா இதைத்தானேடா நான் தொண்டை கிழியச் சொல்றேன்?”

சின்னவர் அட்டையைப் பார்த்தார். கறுப்பு. வெறும் ஒரு கை. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டு, மறுபடி முள்ளை வைக்கச் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா வைத்தார். எவனோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அரை நிமிடம் கேட்டார். கழற்றினார். மறுபடி பக்கம் மாற்றினார். மறுபடி கழற்றினார். பத்தில் ஒரு பங்கு இல்லை. பாதி. இந்த ஒரு தட்டில் மட்டும் இல்லை, வாழ்நாள் முழுக்கக் கேட்ட எல்லாவற்றிலும் பாதி.

அவர் எழுந்து நின்று, தன் இடது காது செத்து நாற்பத்தொரு வருடமாகிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். சின்னவர் அண்ணனைப் பார்த்துத் திரும்பினார்.

“நீ அடிச்சதுல போச்சு. இந்தத் தட்டுக்காக.”

“எப்ப?” என்றார் பெரியவர்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்துவிட்டு, “தட்டுல கீறல் விழுந்தது ஞாபகம் இருக்கு. முதல் பக்கம், ரெண்டாவது பாட்டு. அடிச்சது ஞாபகம் இல்லடா” என்றார்.

சின்னவர் உள்ளங்கையைக் குவித்தார். அந்த அறை பெரியவரின் இடது காதில் விழுந்த சத்தம் தகரக் கூரையில் போய்த் திரும்பியது. பெரியவர் ஸ்பேனர் மாட்டியிருந்த பலகையோடு சரிந்தார், இரும்பெல்லாம் அவர் மேல் கொட்டியது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. விழுந்த இடத்திலிருந்தே ஒரு கடப்பாரைத் துண்டை எடுத்து வீசினார், அது தம்பியின் தோள் எலும்பில் பட்டது. தம்பி அதை உணரவே இல்லை. மேலே விழுந்து அண்ணனின் தலையைத் தரையில் மோதினார், ஒருமுறை, இருமுறை. பின்னால் இருந்து கட்டிப் பிடித்த லிஃப்ட்காரர் முழங்கை வாங்கி ஒரு பல்லைத் துப்பினார். பல் டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் அதைக் கவனிக்கவில்லை, மிதிபட்ட தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அசையாமல் கிடந்ததும் சின்னவர் எழுந்தார். சுத்தியலைப் பொறுக்கினார். கறுப்பு அட்டையிலிருந்து தட்டை உருவிக் கல்லில் வைத்து அடித்தார். நெளிந்தது. இன்னொன்று. பிளந்தது. போய் அலமாரியைத் திறந்தார். கைக்கு வந்ததை எடுத்தார், அடித்தார், அடுத்ததை எடுத்தார். இந்த நாற்பதும் தன் பாதிக் காதால் உள்ளே வந்தவை, தன் பாதிக் காதால் பிழைத்தவை, ஒன்றும் செல்லாது என்று கத்திக்கொண்டே அடித்தார். சில்லு தெறித்து அவர் கன்னம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. ஏழோ எட்டோ போனது. ஒருவரும் கிட்டே வரவில்லை. தான் ஏமாற்றப்பட்டவன், தன்னிடம் திருடிவிட்டார்கள், திருடியவனுக்குத் திருடியதே நினைவில்லை. அந்த நினைப்பு அவர் கைக்கு அப்படி ஒரு பலத்தைக் கொடுத்தது.

டைப்பிஸ்ட் அம்மாதான் வந்தார். சுத்தியல் ஏறி இறங்குகிற தூரத்துக்குள் வந்து நின்றார். நின்றது சின்னவரின் வலப்பக்கம்.

“தம்பி, என் வீட்டுக்காரர் தட்டு ஒண்ணு இதே கல்லுல உடைஞ்சுது. அவர் காலமான வருஷம். நான்தான் என் கையால உடைச்சேன். மூணாவது முஷ்டி உங்களோடது.” அவர் குரல் உயரவில்லை, கோர்ட்டில் எழுதியதைத் திருப்பி வாசிப்பது போல இருந்தது. “அதை எந்தக் காதுல கேட்டீங்க?”

சின்னவர் சுத்தியலை இறக்கினார். யோசித்தார். எத்தனையோ ஞாயிறு, எத்தனையோ முஷ்டி. டைப்பிஸ்ட் அம்மா சுத்தியல் பிடித்து நின்ற காட்சி ஒன்றுகூட அவர் நினைவுக்கு வரவில்லை.

“எந்தத் தட்டு, அக்கா?” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. நெற்றி சுருங்கி, வாய் லேசாகத் திறந்து நின்ற சின்னவர் முகத்தையே டைப்பிஸ்ட் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் தரையிலிருந்து வந்தது. பெரியவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் ஒரு சக்கரத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம்.

“மஞ்சள் அட்டை. ஆறு வருஷம் ஆச்சு. மழை பெய்ஞ்சு கூரை சத்தம் போட்டுச்சு, ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். ரெண்டாவது பக்கம் கடைசிப் பாட்டு, நடுவுல ஒரு இடத்துல தப்பு விடுவான், விட்டுட்டு அதையே திரும்பத் திரும்ப வாசிச்சுச் சரியாக்கிடுவான். அந்த அம்மா அதுக்காகத்தான் கொண்டுவந்தது. நீ ஆளில்லாத வீடுன்னு சொன்ன.”

“ஊதுறவன் எந்தப் பக்கம்?”

பெரியவர் ரத்தத்தைத் துப்பினார். “இடது.”

சின்னவர் சுத்தியலைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி டைப்பிஸ்ட் அம்மாவிடம் நீட்டினார். வலது காதை அவர் பக்கம் கொடுத்தபடியே, அடி வாங்கக் காத்திருப்பவர் போல நின்றார், தலையை நகர்த்தவில்லை. டைப்பிஸ்ட் அம்மா சுத்தியலை வாங்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தரையில் கிடந்த சில்லுகள் எதன் மேலும் கால் படாமல் பார்த்துப் பார்த்து நடந்து, பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார்.